பீரங்கிக்கு வைத்த பொட்டு

அந்தப் பூங்காவின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் எந்தக் கம்பெனி, யார் மேனேஜர் என்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். நம் சிங்கப்பூர் அவ்வளவு சின்னது. கடலைப் பார்த்தபடி ஒரு கோட்டை, கப்பல்களைச் சுடுவதற்காக வெள்ளைக்காரன் கட்டியது, இப்போது பொதுமக்கள் பூங்கா. இவ்வளவு தெரிந்தால் போதும்.

வெடிமருந்து வைத்திருந்த அறைகளுக்கு இன்று கம்பிக்கதவும் பூட்டும். சிப்பாய்கள் ஓடிய பாதையில் பிள்ளைகள் ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். மேட்டின் மேல் ஒரே ஒரு பீரங்கி, மூக்கைக் கடல் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதிரே எண்ணெய்த் தொட்டிகள் நிறைந்த தீவும் வரிசையில் காத்திருக்கும் சரக்குக் கப்பல்களும்தான். சனி ஞாயிறுகளில் கல்யாணப் பெண்கள் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடுவார்கள். யாராவது ஒரு புண்ணியவான் குடித்து முடித்த பபிள் டீ கப்பை அதன் வாய்க்குள் திணித்துவிட்டுப் போவார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு தேவைப்படும்.

அந்தப் பூங்காவில் புல் வெட்டி, சாக்கடை தூர்வாரி, உதிர்ந்த இலைகளை அள்ளுவது எங்கள் கம்பெனி. நான் அங்கே ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். எந்த லாரி எங்கே போகிறது, எந்த ஆள் எந்தப் பூங்காவில், மழை பெய்தால் என்ன செய்வது, மிஷின் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்துவதற்குத்தான் அந்த நாகரிகமான பெயர். ஆண்கள் நிறைந்த தொழிலில் இத்தனை வருஷம் கத்தியதில் குரல் தடித்துவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரும்தான். இல்லையென்று நான் எப்போதும் சொன்னதில்லை.

கோட்டைப் பூங்காவில் எங்கள் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் பட்டுக்கோட்டைக்காரர். ஊரும் கோட்டை, வேலையும் கோட்டை என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். நாற்பதைத் தாண்டியவர், தலையில் துண்டைக் கட்டி அதன் மேல் ஓலைத் தொப்பி வைத்திருப்பார். அவரிடம் ஒரு பழக்கம். மிஷின்களோடு பேசுவார். இலை ஊதும் மிஷின் ஸ்டார்ட் ஆகாவிட்டால், "இந்தா, காலங்காத்தால அடம் பிடிக்காத. சாயங்காலம் சீக்கிரம் அனுப்பிடறேன்" என்பார். அதுவும் ஸ்டார்ட் ஆகும். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர் கையில் இருந்த மிஷின்கள்தான் எங்கள் கம்பெனியிலேயே குறைவாக ரிப்பேருக்கு வந்தன.

அந்தப் பீரங்கியைக் கழுவித் துடைப்பதும் எங்கள் வேலைதான். கடல் உப்புக்காற்று, மைனாக்களின் எச்சம், மனிதர்கள் வைத்துவிட்டுப் போகும் குப்பை எல்லாம் அதன் மேல் சேரும். ஒப்பந்தத்தில் பெஞ்சு, குப்பைத் தொட்டி, சைக்கிள் நிறுத்தும் கம்பி என்று வரிசையாகப் போட்டுவிட்டு, அதே வரிசையில் பீரங்கியையும் சேர்த்திருந்தார்கள். பெஞ்சைத் துடைப்பது போலத் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யமாட்டார். வாரக் கடைசி வேலையாக அதை வைத்துக்கொள்வார். நல்ல தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றி எடுத்து, அதன் வாய்க்குள் கையை விட்டுக் கப்புகளை வெளியே எடுப்பார். "பெரியவரே, என்னத்தையெல்லாம் திங்கறீங்க" என்று அதனிடம் கேட்டதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லீவிலும் சில நாள் கூட்டாளிகளோடு அங்கேயே போய் உட்கார்ந்திருப்பார். வேலை செய்கிற இடத்துக்கு லீவு நாளிலும் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "வெட்றப்ப நின்னு பார்க்க முடியுமா மேடம்? உக்காந்து பார்க்கணும்ல, நம்ம வெட்டின புல்ல" என்றார்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை விடுபட்டதே இல்லை. முதலாளி சீனர். ஆவிகள் உலவும் மாதம் என்று சீனர்கள் நம்பும் ஏழாம் மாதத்தில் பெரிய மரங்களில் கை வைப்பதற்கு முன்னால் அவர் ஆரஞ்சுப் பழமும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிடுவார். எங்கள் ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளி நிற்பார்கள். ஆயுத பூஜை வந்தால் முதலாளி ஷூவைக் கழற்றிவிட்டுத் தள்ளி நிற்பார். இரண்டு பக்கமும் யாரும் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. "என் கார் டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சாச்சா?" என்று மட்டும் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

முந்தின நாள் நான் தேக்காவில் இருக்கும் நம் கடைகளுக்குப் போய்ப் பொரி, கடலை, சந்தனம், குங்குமம், எலுமிச்சை, பூ எல்லாம் வாங்கி வருவேன். திருஷ்டிப் பூசணிக்காயும் உண்டு. அதை ரோட்டில் போட்டு உடைக்க இந்த ஊரில் முடியாது. ஆகவே கறுப்புக் குப்பைப் பைக்குள் பூசணிக்காயைப் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, டிப்போவின் சிமென்ட் தரையில் ஓங்கி ஒரு அடி அடிப்போம். சத்தம் மட்டும் கேட்கும். ஒரு விதை வெளியே சிதறாது. அப்படியே தூக்கித் தொட்டியில் போட்டுவிடலாம். திருஷ்டி கழிப்பதைக்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவர்களைத்தான் பூங்காவை அசிங்கப்படுத்திவிட்டார்கள் என்று பின்னாடி சொன்னார்கள்.

அந்த வருஷம் பூஜையன்று கோட்டைப் பூங்காவில் அவசர வேலை. மறுநாள் அங்கே ஏதோ குடும்ப தினக் கொண்டாட்டம், அதற்குள் புல் முழுவதும் வெட்டியாக வேண்டும். அதனால் அந்தக் குழு டிப்போவுக்கு வரவில்லை. பொருட்களை லாரியில் கொடுத்து அனுப்பினேன். பூங்காவின் பின்பக்கம் எங்கள் சாமான் கொட்டகை இருக்கிறது. அங்கேயே பூஜையை முடித்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன். அவர்களும் அப்படியே செய்தார்கள். புல்வெட்டி, இலை ஊதி, தள்ளுவண்டி, மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தார்கள். பிறகு பட்டுக்கோட்டைக்காரர் சந்தனக் கிண்ணத்தையும் மிச்சமிருந்த ஒரு முழம் பூவையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிப் போயிருக்கிறார்.

நான் ஆபீஸில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போனில் படம் வந்தது. அனுப்பியவர் முதலாளி. கீழே கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

படத்தில் பீரங்கி இருந்தது. நன்றாகக் கழுவிப் பளபளவென்று இருந்தது. குழாயின் மேல் மூன்று விரலால் இழுத்த விபூதி, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். பூ, கழுத்து என்று சொல்லக்கூடிய இடத்தில் சுற்றியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. காலையில் ஓடவந்த ஒருவர் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார். நம் தேசத்தின் வரலாற்றுச் சின்னத்தை யாரோ நாசப்படுத்திவிட்டார்கள், அதிகாரிகள் எங்கே என்று கேட்டிருந்தார். கீழே ஏகப்பட்ட பேர் பொங்கியிருந்தார்கள். அதில் நம் தமிழர் ஒருவரும் இருந்தார். பெயரிலேயே தெரிந்தது. 'இந்தப் புதுசா வந்தவர்களால் எங்களுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் சுண்டல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். இவருடைய தாத்தா மட்டும் எந்தக் கப்பலில் முதல் வகுப்பில் வந்து இறங்கினாராம்?

உடனே பட்டுக்கோட்டைக்காரருக்குப் போன் போட்டேன்.

"பீரங்கிக்குப் பொட்டு வச்சீங்களா?"

"ஆமா மேடம். ஏன்?"

அந்த 'ஏன்' என்ற கேள்வியில் துளிப் பயம் இல்லை. அப்போது அவருக்கு ஒன்றுமே தெரியாது.

"ஏன் வச்சீங்க?"

"மிஷின்தானே மேடம் அதுவும்? வாரா வாரம் நாமதானே கழுவுறோம். மண்வெட்டிக்குக்கூட வச்சாச்சு. எல்லாத்துக்கும் வச்சுட்டு அதுக்கு மட்டும் வைக்காம வந்தா மனசு கேக்கலை. அது பாட்டுக்கு அங்க தனியா நிக்குது."

உடனே கழுவிவிடச் சொன்னேன். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி. நான் போனை வைப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு சின்னக் கறைகூட இல்லை என்று படமும் எடுத்து அனுப்பினார். யோசித்துப் பார்த்தால் வேடிக்கை. லாரிக்கும் கம்ப்யூட்டருக்கும் அரவை மிஷினுக்கும் பொட்டு வைத்து ஆயுத பூஜை என்கிறோம். இந்த நாட்டில் அன்றைக்கு உண்மையிலேயே ஓர் ஆயுதத்தைக் கழுவிப் பூ வைத்த ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மறுவாரம் எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர், எங்கள் முதலாளி, நான். மேனேஜர் தமிழ்ப் பையன். பையன் என்றால் முப்பது வயது இருக்கும். படித்தவர், மரியாதை தெரிந்தவர். என்னை முன்பெல்லாம் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குக் கூட்டம் முழுவதும் ஆங்கிலத்தில், பெயரைச் சொல்லி, 'மிஸ்' போட்டுப் பேசினார். 'வேண்டலிசம்' என்ற சொல்லை அவர் நிதானமாக உச்சரித்தபோது என் காது சூடேறியது. வேண்டுமென்றே சேதப்படுத்துவதற்குத்தான் அந்தச் சொல். சேதம் எங்கே என்று கேட்டேன். சேதம் இல்லை, ஆனால் அனுமதி வாங்கவில்லை என்றார்.

நான் ஐஸ்கிரீம் கதையை எடுத்தேன். அதற்கு முந்தின ஜூன் விடுமுறையில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி அதே பீரங்கிக்கு ரோஸ் கலர் துணி போர்த்தி, கலர் கலராகப் பஞ்சு உருண்டைகளைப் பசை போட்டு ஒட்டி, வாயிலிருந்து ஐஸ்கிரீம் வழிவது போல ஜோடித்திருந்தது. பிரித்தபோது பசையோடு பெயின்ட்டும் உரிந்து வந்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தவர்கள் எங்கள் ஆட்கள். முக்கியமாக இப்போது குற்றவாளி என்று நீங்கள் சொல்கிற அதே ஆள். அப்போது வேண்டலிசம் எங்கே போயிருந்தது?

"தட் ஹேட் அப்ரூவல்" என்றார் மேனேஜர்.

"சரி. நான் முன்னாடியே எழுதிக் கேட்டிருந்தா, சந்தனம் வைக்க அப்ரூவல் குடுத்திருப்பீங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதற்காக அவரை மெச்சுகிறேன். "நோ லா" என்றார்.

முதலாளி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். அவர் கவலை அவருக்கு. அந்த ஆளை உடனே எடுத்துவிடுகிறோம் என்று குனிந்து குனிந்து சொன்னார். தன் காருக்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லி நச்சரிக்கிற அதே மனிதர்.

வெளியே லிஃப்ட் வாசலில் மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். அங்கே வந்ததும் அவருக்குத் தமிழ் திரும்பியது.

"அக்கா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. எங்க வீட்டுலயும் அன்னைக்குப் பூஜைதான். என் பைக்குக்கு அம்மா பொட்டு வச்சாங்க. ஆனா இத நான் சும்மா விட்டேன்னா, நம்ம ஆளுன்னு விட்டுட்டேன்னு சொல்வாங்க. மத்தவங்க விட்டா பெருந்தன்மை. நான் விட்டா பயஸ், பாரபட்சம். புரியுதா?"

புரிந்தது. அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. ஒரு தமிழன் நியாயமானவன் என்று காட்டிக்கொள்வதற்கு இன்னொரு தமிழன் ஊருக்குப் போக வேண்டும். "உங்க பைக்க யாரும் போட்டோ எடுத்துப் போடலையே தம்பி, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் ஏறினேன். அவர் ஏறவில்லை. அடுத்த லிஃப்டில் வருவதாகச் சொன்னார்.

காரில் முதலாளி பெர்மிட்டைக் கேன்சல் செய்வது பற்றிப் பேச ஆரம்பித்தார். பெர்மிட் போனால் ஆள் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போக வேண்டியதுதான். பட்டுக்கோட்டைக்காரரின் பெரிய மகள் அப்போதுதான் நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள். படிப்பு முடியும்வரை எப்படியாவது இங்கே இருந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய கணக்கு. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபமாகிவிடும். இது பரிதாப விஷயமே இல்லை, நியாய விஷயம். அவர் போனால் நானும் போகிறேன், நாளைக் காலையில் லாரிகளை நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள் என்றேன். முதலாளி ரொம்ப நேரம் ஏசியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெர்மிட் தப்பியது. ஆனால் அவர் கோட்டைப் பூங்காவில் இருக்கக்கூடாது, எக்ஸ்பிரஸ்வே ஓரத்துச் சரிவுகளில் புல் வெட்டப் போக வேண்டும் என்று முடிவானது. பூங்காவிலிருந்து வந்த மின்னஞ்சலில் இனி அவரை அங்கே காணக்கூடாது என்றே எழுதியிருந்தார்கள்.

அவரிடம் நான்தான் சொன்னேன். கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டார். பெர்மிட் இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு கேட்டார்.

"லீவு நாள்ல வரலாமா மேடம்? வேலைக்கு இல்ல. சும்மா உக்காரறதுக்கு."

நான் மேனேஜரிடம் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது என்று பிறகு தோன்றியது. கேட்டதற்கு வந்த பதில், சட்டப்படி தடுக்க முடியாது, பொது இடம்தான், ஆனால் யாராவது அடையாளம் கண்டு மறுபடி படம் எடுத்துப் போட்டால் வம்பு, வராமலிருப்பதே நல்லது. நாயைக் கூட்டிக்கொண்டு வரலாம். ட்ரோன் பறக்கவிட்டுக் கத்துகிறவர்கள் வரலாம். பீரங்கியின் வாய்க்குள் கப்பைத் திணிக்கிறவர் வாரா வாரம் வரலாம். அதை வெளியே எடுத்தவர் மட்டும் வரக்கூடாது. இதைப் பொதுமக்கள் பூங்கா என்று நுழைவாயிலில் நான்கு மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு வழக்கம் போலத் தேக்காவுக்குப் போனேன். பூக்கடைக்காரம்மா, "இந்த வருஷம் ஒரு முழம் கொறைக்கிறீங்களே" என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மறுநாள் காலையில் டிப்போவில் பூஜை. முதலாளி ஷூவைக் கழற்றினார். கார் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். பூசணிக்காயைக் குப்பைப் பைக்குள் போட்டு அடித்தோம். கோட்டைப் பூங்கா குழு மட்டும் தங்கள் மிஷின்களைக் கொண்டுவந்து வரிசையில் வைக்கவில்லை. லாரியிலேயே கிடந்தன. ஏன் என்று கேட்டேன். அவர்களில் ஒருவர் சொன்னார்.

"வேணாம் மேடம்."

"ஏன் வேணாம்?"

"பொட்டோட அந்தப் பார்க்குக்குள்ள கொண்டுபோனா யாராச்சும் படம் எடுப்பாங்க. எதுக்கு மேடம் பிரச்சினை? நாங்க மனசுக்குள்ள கும்பிட்டுக்கிறோம்."

யாரும் அவர்களுக்குத் தடை போடவில்லை. தங்கள் கையில் இருக்கும் மண்வெட்டிக்குப் பொட்டு வைக்கவே அவர்கள் பயந்துபோயிருந்தார்கள். அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தெம்பனிஸில் என் வீட்டுக்குப் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். சந்தனம், குங்குமம், விபூதி, பூ எல்லாவற்றையும் ஒரு சின்னத் தாம்பாளத்தில் எடுத்து வைத்தேன். மகள் சோபாவில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போறீங்க?"

சொன்னேன்.

"மா, ஆர் யூ சீரியஸ்? உங்களுக்கு வைரலாகணுமா? கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டியிருக்கும், தெரியுமா?"

"போறேன். ஜட்ஜ்கிட்டயும் இதத்தான் சொல்வேன்."

அவளுக்கு என்னைத் தெரியும். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் டிரைவ் பண்றேன். இந்தக் கோபத்தோட நீங்க ஓட்டினா இன்னொரு கேஸும் சேரும்" என்றாள்.

நல்ல வெளிச்சமான மத்தியானம். மேட்டில் ஏறி, பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரால் பீரங்கியைத் துடைத்தேன். விபூதி இழுத்தேன், சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், பூவைச் சுற்றினேன். கேமரா இருக்கும் கம்பத்தைப் பார்த்துத்தான் நின்றேன். ஒளித்துச் செய்யவில்லை. மகள் என் புடவை முந்தானையைச் சரிசெய்துவிட்டாள்.

ஓர் ஐரோப்பிய ஜோடி வந்தது. அழகாக இருக்கிறதே, என்ன பண்டிகை, உங்களோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். எடுத்துக்கொண்டார்கள். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு சீன அம்மா, "வாவ், சோ நைஸ்" என்று சொல்லிவிட்டுத் தானும் கைகூப்பிவிட்டுப் போனார். நான் வேர்த்து விறுவிறுத்துக் காத்திருந்தேன். ஒருவர்கூட நாசம், அசிங்கம் என்று சொல்லவில்லை. பட்டுப்புடவையும் நல்ல ஆங்கிலமும் இருந்தால் அதே குங்குமம் கலாச்சாரமாகிவிடுகிறது போலிருக்கிறது.

கடைசியில் மேனேஜர் வந்தார். தூரத்திலிருந்தே என்னை அடையாளம் கண்டுகொண்டு நடையை மெதுவாக்கினார்.

"அக்கா, என்னக்கா இது?"

"போன வருஷம் நடந்த அதே குத்தம். எழுதிக்குங்க. என் பேரு, ஐசி கார்டு நம்பர் எல்லாம் தர்றேன். அபராதம் போடுங்க. இல்லாட்டி என்னையும் இங்க வரக்கூடாதுன்னு எழுதிக் குடுங்க."

"உங்களுக்கு எப்படிக்கா நான்..."

"அவருக்கு எப்படி முடிஞ்சுது?"

மேனேஜர், நீங்கள் பூங்காவுக்கு வந்த ஒரு பார்வையாளர், அவர் ஒப்பந்த ஊழியர், இரண்டும் வேறு என்று ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அவருக்கே அது பிடிக்கவில்லை போல. நிறுத்திக்கொண்டார். ரேடியோவை எடுத்து, சுத்தம் செய்ய ஆள் அனுப்பச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரப்போவது என் ஆட்கள். காலையில் மண்வெட்டிக்குப் பொட்டு வைக்கப் பயந்தவர்கள், இப்போது வந்து இதை அழிக்க வேண்டும். அவர்கள் கையில் அதைச் செய்யவிட எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பூவை நானே எடுத்தேன். மிச்சத்தை நானே துடைத்தேன். மகள் தண்ணீர் ஊற்றினாள்.

அன்று மாலையே முதலாளிக்கும் மேனேஜருக்கும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினேன். நான் செய்ததும் பட்டுக்கோட்டைக்காரர் செய்ததும் ஒன்று, என் மேல் நடவடிக்கை எடுங்கள் அல்லது அவரைத் திரும்ப விடுங்கள் என்று எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி, கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. அவ்வளவுதான். என் மேல் ஒரு புகார் இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒரு முறைப்புகூட இல்லை. வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். திட்டாமல் விட்டதற்காக இவ்வளவு அவமானப்பட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் எக்ஸ்பிரஸ்வே பக்கம் போனேன். அவருக்கு எடுத்து வைத்திருந்த பொரியும் சுண்டலும் கையில் இருந்தன. சரிவுக்குக் கீழே, கார்கள் இரைந்துகொண்டு போகும் இடத்தில், ஆரஞ்சு நிற உடுப்போடு நின்றிருந்தார். உட்கார அங்கே இடமில்லை. லாரியின் பின்பலகையில் வைத்துச் சாப்பிட்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன். நான் நினைத்தது போல அவர் பரவசப்படவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை. பொரியிலிருந்து கடலையைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"உங்கள என்ன சொன்னாங்க மேடம்?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஆமா," என்றார் சாதாரணமாக. "உங்கள ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

மழை வரும் என்று யாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார். ஒரு வருஷமாகக் கத்தி, மேசையைத் தட்டி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் நான் கண்டுபிடித்தது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"இந்த வருஷம் உங்க மிஷினுக்காவது வச்சீங்களா, இல்லையா?" என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

அவர் ரோட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தரையில் கிடந்த புல்வெட்டியைத் தூக்கிக் குப்புறத் திருப்பிக் காட்டினார். பெட்ரோல் டப்பாவுக்கு அடியில், கிரீஸும் புல்தூசியும் ஒட்டியிருந்த இடத்தைத் துடைத்து, கடுகளவு ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.

"அடியில வச்சிருக்கேன் மேடம்," என்றார். "புல்லு மட்டும்தான் பார்க்கும்."